முன் இருக்கை

குளிர்பெட்டிக் கதவில் இரண்டு அட்டவணைகள்.
பள்ளி தந்தது நேராக,
நான் ஒட்டியது கோணலாக.
வெள்ளி பிற்பகல்: இயற்பியல், முதல் தாள்.
சனி காலை: பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு, இரண்டாம் முறை.
திங்கள்: வேதியியல்.
ஞாயிறுக்கு நேரே ஒன்றுமில்லை.
அம்மா அங்கே 'பால்' என்று எழுதி வைத்திருக்கிறாள்.

ஜூனில் வாங்கியது ஐம்பத்தெட்டு.
மருத்துவத்துக்குப் போதாதென்று வீட்டில் யாரும் சொல்லவில்லை.
சித்தப்பா மட்டும்
பாதி ரொட்டியின் வயிற்றுக்குள் கறிக்குழம்பை அமுக்கியபடி
"கணக்கர் வேலையும் நல்ல வேலைதான்" என்றார்.
இரண்டாம் கட்டணத்தை
அம்மா வெள்ளிச் சந்தையில் விற்கும்
சமோசாக்களாக மாற்றிப் பார்த்தேன்.
பார்த்திருக்கக் கூடாது.
அதற்குப் பிறகு எந்தக் கேள்வியைத் தவறவிட்டாலும்
எண்ணெய் வாடை அடிக்கிறது.

வியாழன் இரவு மழை விட்டதும் ஈசல்.
சாட்ஸ்வொர்த்தில் எரிவது எங்கள் வீட்டு விளக்கு ஒன்றுதான் என்பதுபோல
அத்தனையும் இங்கே.
எட்டு மணிக்கு மின்சாரம் போனது,
சொல்லிவைத்த நேரத்துக்கு.
கைப்பேசி வெளிச்சத்தில்
உதிர்ந்த சிறகுகளை ஒதுக்கி ஒதுக்கி
விசையைக் கண்டுபிடித்தேன்.
ஒரு சிறகு கழித்தல் குறி போல ஒட்டிக்கொள்ள
விடை இரண்டு முறை தப்பாக வந்தது.

வெள்ளிக்குக் கறுப்புப் பேனா, கால்குலேட்டர்.
சனிக்குப் பென்சில், அழிப்பான்;
கால்குலேட்டர் கூடவே கூடாது.
வெள்ளிக்கு வழிமுறை வேண்டும், படிக்கொரு மதிப்பெண்.
சனிக்கு எப்படி வந்தாய் என்று கேள்வியே இல்லை,
வட்டம் கறுத்திருந்தால் போதும்.
இதையெல்லாம் மூளைக்குப் பொறுமையாகச் சொன்னேன்.
சரி சரி என்றது.
சொல்லிக்கொள்ளாமல் தூங்கிப்போனது.

இயற்பியல் எப்படி என்று கேட்காதீர்கள்.
ஏழாம் கேள்வியின் லாரி
இன்னமும் சரிவில் நிற்கிறது.
பிரேக் பிடிக்குமா என்று பார்க்காமல்
அதை அங்கேயே விட்டு வந்தேன்.

சனி, ஐந்தே கால். தெருமுனையில் நொக்வாண்டா.
அவளுக்கும் இது இரண்டாம் முறை, அவளுக்கு அறுபத்தொன்று.
அந்த மூன்று மதிப்பெண்களைப் பற்றி
நாங்கள் பேசிக்கொள்வதில்லை.
டாக்சியில் மிச்சமிருந்தது முன் இருக்கைதான்.
டர்பனில் முன்னால் உட்கார்ந்தவரே காசாளர்,
யாரும் கேட்டு நியமிப்பதில்லை.

தோள் தட்டித் தோள் தட்டி வந்தது பணம்.
நாலு பேர், நூறு: மீதி இருபத்தெட்டு.
மூன்று பேர், அறுபது: ஆறு.
இரண்டு பேர், ஐம்பது: பதினான்கு.
சில்லறை இல்லாத ஒருவர், சில்லறை மட்டுமே உள்ள ஒருவர்,
சன்னலோரம் வாய் திறந்து தூங்கும் செவிலியர்,
அவள் மடியிலிருந்து சரியாக எண்ணி வைத்த பதினெட்டு.
ஓட்டுநர் பாட்டைக் குறைக்கவில்லை, திரும்பவுமில்லை,
உள்ளங்கையை மட்டும் நீட்டினார்.

பதினான்கு பேர், ஆளுக்குப் பதினெட்டு,
இருநூற்று ஐம்பத்திரண்டு.
என் மடியில் இருநூற்று அறுபத்திரண்டு.
ஹிக்கின்சன் நெடுஞ்சாலை நெடுக
மறுபடி மறுபடி எண்ணினேன்.
"பத்து ராண்ட் யாருடையது?"
பின்னால் எல்லோரும் தூங்கினார்கள்,
அல்லது மாதக் கடைசியிலும் யாருக்கோ பத்து ராண்ட் பெரிதில்லை.
தன் பங்கை வாங்கிக்கொண்டு
ஓட்டுநர் ஜூலுவில் ஏதோ சொன்னார்.
நொக்வாண்டா சிரித்துச் சிரித்து மொழிபெயர்த்தாள்:
"கணக்கருக்குச் சம்பளமாம்."

ஒன்பது மணி. தாளைத் திருப்பச் சொன்னார்கள்.
கை தன் பழக்கத்தில் கால்குலேட்டரைத் தேடிப் போய்
பையில் அந்தக் காகிதத்தைத் தொட்டு
திரும்பி வந்தது.
முதல் வட்டத்தைக் கறுத்தேன்,
இரண்டாவதை அழித்தேன்.

நாளை பால் வாங்க வேண்டும்.
பத்து ராண்டுக்கு
அரை லிட்டர்கூட வராது.